கொல்லிமலையும் ரேடியேட்டர் தண்ணியும்

வளப்பூர் நாட்டு அறப்பளீஸ்வரரைப் பார்க்கணும்னா, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறணும். 1000 மீட்டர் உயரத்துல தண்ணி கிட்டத்தட்ட 97 டிகிரியிலேயே கொதிச்சிடும். அந்தக் கால அம்பாசடர்கள் பானெட்டைத் தூக்கிக்கிட்டு நின்னது சும்மா இல்லீங்க!

1900-ல மேபாக், மெர்சிடஸுக்குத் தேன்கூடு ரேடியேட்டர் செஞ்சார். 8070 குட்டிக் குழாய்கள், 9 லிட்டர் தண்ணியே போதும். 1908-ல வந்த ஃபோர்டு மாடல் டி-யில முதல் 2500 வண்டிக்குத்தான் பம்ப். அப்புறம் சூடான தண்ணி மேலே, ஆறினது கீழேன்னு தானாவே சுத்த விட்டுட்டாங்க. மட்டம் மேல்குழாய்க்குக் கீழே இறங்கினா சுத்துறது நின்னுடும். அதனால கிளம்புறதுக்கு முன்னாடி கழுத்து வரைக்கும் நிரப்பியே ஆகணும்.

பம்ப் வந்தபிறகும் காத்து விடலை. எஞ்சினைப் பிரிச்சு மாட்டினபிறகு, முதல் ஓட்டத்துக்கு முன்னாடி மெதுவா ஊத்தணும். ஏர் ஸ்குரூ இருந்தா திறந்து, குமிழி நின்னு தண்ணி மட்டும் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். ஒருமுறை அவசரத்துல மடமடன்னு ஊத்திட்டேன். டெம்பரேச்சர் முள் அசையவே இல்லை, எனக்கு ஒரே சந்தோஷம். சென்சார் காத்துல தொங்கிக்கிட்டு இருந்திருக்கு. ஹெட் வளைஞ்சதும்தான் தெரிஞ்சுது.