ஸ்டெம் செல் சிகிச்சை முடிஞ்சு 2 வருஷம் ஆச்சா? செக்கப்பை மட்டும் விட்டுடாதீங்க!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் பைக் பிரியர்களுக்கு ரீல்ஸ் ஸ்பாட். ஆனா, ரத்தப் புற்றுநோய்க்கு டோனர் ஸ்டெம் செல் சிகிச்சை எடுத்துட்டு மலைக்குத் திரும்பியவருக்கு, ஒவ்வொரு செக்கப்புக்கும் இறங்கி ஏற வேண்டிய பாதை அது. 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி?'னு தோணத்தான் செய்யும். காரணம் இருக்கு.

என்ன சிகிச்சை இது?

இந்தியாவில் இது 1983-ல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-ல் வேலூர் சி.எம்.சி-யிலும் தொடங்கியது. கீமோ மூலம் பழைய எலும்பு மஜ்ஜையை அழிச்சுட்டு, டோனரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏத்துற மாதிரியே ஏத்துவாங்க. டோனரின் ரத்த குரூப் வேறன்னா, நாளடைவில் நோயாளியின் குரூப்பும் அதுவாவே மாறிடும்!

2 வருஷம் ஏன் முக்கியம்?

நோய் திரும்புறது, கடுமையான தொற்று என ஆபத்துகள் அதிகம் இருப்பது முதல் 2 வருஷத்தில்தான். அதை நோயில்லாம கடந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய சர்வதேச ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. அவர்களில் சுமார் 85% பேர், சிகிச்சைக்குப் பிறகு 10 வருஷம் கடந்து வாழ வாய்ப்பிருக்குன்னு அது சொன்னது.

அப்புறமும் என்ன சிக்கல்?

டோனரின் எதிர்ப்பு செல்கள் நம்ம உடம்பையே அந்நியமா நினைச்சுத் தாக்கலாம். கண் வறட்சி, வாய்ப்புண், தோல் இறுக்கம், மூச்சு வாங்குறது எல்லாம் அதன் அறிகுறிகள். தைராய்டு குறைபாடு, கண்புரை, எலும்புத் தேய்மானம், குழந்தையின்மை, வாய் மற்றும் தோல் புற்றுநோய் போன்றவை பல வருஷம் கழிச்சும் வரலாம்.

இதெல்லாம் செய்யுங்க

* சின்ன வயசுல போட்ட தடுப்பூசிகளின் பலன் குறைஞ்சிடும். டாக்டர் சொல்ற நேரத்தில் மறுபடியும் போட்டுக்கணும்.
* வருஷம் ஒருமுறை கண், பல், தைராய்டு, சுகர், பி.பி. பரிசோதனை அவசியம்.
* புகையிலை, வெற்றிலை பாக்குக்கு நோ. வெயிலில் முழுக்கை சட்டையும் தொப்பியும் போடுங்க.
* பின்னாளில் குழந்தை வேணும்னா, விந்தணு, கருமுட்டை சேமிப்பு பற்றி சிகிச்சைக்கு முன்னாடியே பேசிடணும்.

ரத்தப் பரிசோதனை மாதிரியானவற்றை நாமக்கல்லிலேயே எடுத்து, ரிப்போர்ட்டை அனுப்பலாமான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க. அலைச்சல் குறையும். ஆனா அவர் நேர்ல வரச் சொன்னா, 70 வளைவையும் இறங்கிப் போயிடுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா, இதில் பல சிக்கல்களைக் கட்டுப்படுத்த முடியும்!