அம்மா மடியும் ரெண்டு அங்குலப் பட்டையும்

ஞாயித்துக்கிழமை காலையில எங்க ஊர் மாங்காட்டுக்கு வந்தீங்கன்னா ஒரு காட்சி பார்க்கலாம். காமாட்சி அம்மன் கோயில் பக்கம் புதுக் கார்கள் வரிசையா நிக்கும். மாலை, சந்தனம், குங்குமம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடிச்சதும் வண்டி மெல்ல நகர்ந்து பழத்தை நசுக்கும். குடும்பமே கன்னத்துல போட்டுக்கும்.

போன மாசம் அந்த வரிசையில எங்க வீட்டு வண்டியும் ஒண்ணு. தங்கச்சி வீட்டுக்காரர் வாங்கியிருக்கார். பூஜை முடிஞ்சுது. தங்கச்சி எட்டு மாசக் குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உட்கார்ந்து, குழந்தையையும் சேர்த்து பெல்ட்டை இழுத்து மாட்டினா.

"ஏம்மா, குழந்தையோட முன்னாடி உட்காராதே"ன்னேன்.

"அதான் பெல்ட் போட்டிருக்கேனேண்ணா, ரெண்டு பேருக்கும் சேர்த்து" என்றாள்.

பின் சீட்டுல இருந்து எங்கம்மா: "உங்க ரெண்டு பேரையும் மடியில வெச்சுத்தானேடா கூட்டிட்டுப் போனேன்?"

சொல்லிட்டு அம்மா சட்டென்று அமைதியாயிட்டாங்க. ஏன்னு எனக்குத் தெரியும். அதுக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

1984. எனக்கு நாலு வயசு. காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம். வாடகை அம்பாசடர். அந்த வண்டியோட முன் சீட்டு தெரியுமில்லையா, பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கியர் ஸ்டியரிங் தண்டுல இருக்கும். அதனால டிரைவரையும் சேர்த்து மூணு பேர் தாராளமா உட்காரலாம், நாலாவதா மடியில ஒண்ணு. அந்த 'ஒண்ணு' நான்தான். சுங்குவார்சத்திரம் தாண்டி, நின்னுட்டிருந்த லாரி பின்னாடி எங்க வண்டி முட்டிடுச்சு. பெரிய விபத்து இல்லை. டிரைவர் பிரேக் அடிச்சு வேகம் நல்லாவே குறைஞ்ச பிறகுதான் முட்டினது. ஆனா நான் அம்மா கையில இருந்து பறந்து டேஷ்போர்டுல இடிச்சேன். நெத்தியில அஞ்சு தையல். அம்மா கையில வளையல் அத்தனையும் உடைஞ்சு ரத்தம்.

நாப்பது வருஷமா அம்மா சொல்றது ஒரே வாக்கியம்: "கையை விட்டுட்டேன்."

சரி, வரலாற்றுக்கு வருவோம். இன்னைக்கு நாம போடுற, தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வர்ற மூணு முனை பெல்ட்டை வடிவமைச்சவர் நீல்ஸ் போலின் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர். அதுக்கு முன்னாடி சாப் கம்பெனியில போர் விமானத்துக்கு, விமானியைத் தூக்கி வெளியே எறியுற இருக்கை செஞ்சுட்டிருந்தவர். அதாவது ஆளை வெளியே எறியுறதுல நிபுணர், 1958-ல வால்வோவுக்கு வந்து ஆளை உள்ளேயே பிடிச்சு வைக்க வழி தேடினார் :-)

அதுவரை இருந்தது பெரும்பாலும் வயித்துக்குக் குறுக்கே கட்டுற ஒத்தைப் பட்டை. மோதினா உடம்பு முன்னால மடங்கும், பட்டை வயித்தை அமுக்கி உள்ளுறுப்புகளைக் காயப்படுத்தும். விமானி மாதிரி நாலு பக்கமும் கட்டலாம்தான். ஆனா காய்கறி வாங்கப் போறவன் அதையெல்லாம் மாட்டிக்கிட்டிருப்பானா? போலின் ரெண்டு பட்டையையும் இடுப்போரம் ஒரே முனையில சேர்த்தார். ஒரு கையால இழுத்து மாட்டிடலாம். 1959-ல வால்வோ கார்கள்ல வந்தது. காப்புரிமை இருந்தும், மத்த கம்பெனிகளும் பயன்படுத்தட்டும்னு வால்வோ விட்டுக் கொடுத்தது. 1967-ல 28,000 விபத்துகளோட விவரத்தை அலசி, பெல்ட் உயிரைக் காப்பாத்துதுன்னு காட்டினாங்க. 1970 கடைசியில ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், பெல்ட் போட்டே ஆகணும்னு உலகத்துலயே முதல்ல சட்டம் போட்டது.

நம்ம ஊருக்கு அது வந்த கதை வேற. ஒரே நாள்ல வரலை. ஒவ்வொரு சீட்டா வந்தது.

முதல்ல முன் சீட்டு. 1993-ல மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினாங்க. அதன்படி 1994 மார்ச்சுக்கு அப்புறம் தயாராகிற கார்கள்ல டிரைவருக்கும் பக்கத்துல உட்காருறவருக்கும் பெல்ட் கட்டாயம். அடுத்தது பின் சீட்டு, 2002 திருத்தத்துல. அதுக்குள்ள எங்க பக்கத்துலயே, ஸ்ரீபெரும்புதூர் போற வழியில இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் தொழிற்சாலை வந்து, 1998-ல சாண்ட்ரோ வெளியாகி, தெருவுக்கு ரெண்டு காராவது நிக்க ஆரம்பிச்சிருந்தது.

சட்டம் வந்துச்சே தவிர, பெல்ட் போட்டவங்க எத்தனை பேர்? அபராதம் வெறும் 100 ரூபாய். போலீஸைப் பார்த்ததும் பெல்ட்டை இழுத்து மடியில போட்டுக்கிட்டு, தாண்டினதும் விட்டுடுறது ஒரு கலையாவே வளர்ந்தது. பின் சீட்டு பெல்ட்டோட பக்கிள் சீட் கவருக்கு அடியில புதைஞ்சு போச்சு. 2014 ஜூன்ல மத்திய அமைச்சர் கோபிநாத் முண்டே டெல்லியில பின் சீட்டுல போகும்போது விபத்துல இறந்தார். பின் சீட்டு பெல்ட் பத்தி நாடு முழுக்கப் பேச்சு வந்தது, அப்புறம் அடங்கிப் போச்சு. 2022 செப்டம்பர் 4, தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி. மகாராஷ்டிராவுல பால்கர் பக்கம், பாலத்தோட சுவர்ல கார் மோதினது. முன்னாடி இருந்த ரெண்டு பேர் பிழைச்சாங்க. பின்னாடி இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. பின்னாடி இருந்தவங்க பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னது. அந்த 2022-ம் வருஷத்துல மட்டும் இந்தியாவுல பெல்ட் போடாம இறந்தவங்க 16,715 பேர்னு மத்திய அரசோட அறிக்கை சொல்லுது. அதுல கிட்டத்தட்ட பாதி பேர் டிரைவர் இல்லை, கூடப் போனவங்க.

இதுல வேடிக்கை, பெல்ட் போடலைன்னா கத்துற அலாரம் 2019 ஜூலையில கட்டாயமாச்சு. உடனே அதை ஏமாத்த, பெல்ட் இல்லாம பக்கிள்ல சொருகுற சின்ன கிளிப் ஒண்ணு ஆன்லைன்ல விற்பனைக்கு வந்துடுச்சு! 2023-ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டுத்தான் அஞ்சு இணையக் கடைகள்ல இருந்து அதை எடுக்க வெச்சது.

கடைசியா வந்ததுதான் குழந்தை. 2019 திருத்தச் சட்டத்துலதான் 14 வயசுக்குள்ள இருக்குற பிள்ளைங்களுக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ வேணும், இல்லேன்னா 1,000 ரூபாய் அபராதம்னு தனிப் பிரிவு, 194பி, வந்தது. தமிழ்நாட்டுல புது அபராதத் தொகையெல்லாம் 2022 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்தது. முன் சீட்டு பெல்ட்டுக்கும் மடியில இருக்குற குழந்தைக்கும் நடுவுல கால் நூற்றாண்டு.

நாமதான் லேட்டுன்னு நினைக்காதீங்க. குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையை 1960-கள்லதான் யோசிக்கவே ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் குழந்தை ஓரிடத்துல உட்கார்ந்து ஜன்னல் வழியா வேடிக்கை பார்க்குறதுக்கு. ஸ்வீடன்ல பெர்ட்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், விண்வெளி வீரர்கள் முதுகு அழுந்தப் படுத்துட்டுப் போறதைப் பார்த்து, பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கையை 1964-ல செஞ்சு காட்டினார். கைக்குழந்தைக்குத் தலை பெருசு, கழுத்து பலவீனம். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தா மோதும்போது தலையோட பாரமெல்லாம் கழுத்துக்குப் போகும். பின்பக்கம் பார்த்தா முதுகு முழுக்க அதைத் தாங்கிக்கும்.

அமெரிக்காவுல டென்னசி மாநிலம் 1977-ல முதல் குழந்தை இருக்கைச் சட்டம் கொண்டு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் போராடி வாங்கின சட்டம். அதுலயும் ஒரு விலக்கு வெச்சாங்க: பெரியவங்க கையில பிடிச்சிருந்தா இருக்கை வேண்டாம்! அந்த மருத்துவருக்கு அது சுத்தமா பிடிக்கலை. 1981-ல அந்த விலக்கை எடுக்க வெச்சார். மடியை விட்டுக் கொடுக்க அங்கேயும் நாலு வருஷம் ஆச்சு.

ஏன் மடி ஆகாதுன்னு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி மோதி, நொடியில பத்துல ஒரு பங்குல நின்னா, 8 கிலோ குழந்தையைப் பிடிச்சு நிறுத்த 110 கிலோ தூக்குற பலம் வேணும். எங்க கதைக்கு வருவோம். எனக்கு அப்போ 14 கிலோன்னு வெச்சுப்போம், மோதும்போது வேகம் வெறும் 20. அதுக்கே கிட்டத்தட்ட 80 கிலோ. மூணு சிப்பம் அரிசிக்கு மேலே! அதுவும் கண் இமைக்கிற நேரத்துல, எதிர்பார்க்காம. எந்தப் பயில்வானாலயும் முடியாது. ஒரே பெல்ட்டுக்குள்ள ரெண்டு பேர்னா இன்னும் மோசம். பின்னாடி இருக்குற பெரியவங்க எடை மொத்தமும் குழந்தையை பெல்ட்டோட வெச்சு அமுக்கும். முன் சீட்டுல ஏர்பேக் வேற விரியும்.

அன்னிக்குக் கோயில் வாசல்லயே தங்கச்சியைப் பின் சீட்டுக்கு மாத்தி, மெதுவா ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் குழந்தை இருக்கை வாங்கி, பின் சீட்டுல பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டியாச்சு. வார் குழந்தை தோள்ல இறுக்கமா இருக்கணும், கிள்ளினா மடிப்பு வரக் கூடாது. வளர்ந்ததும் முன்பக்கம் பார்த்த இருக்கை, அப்புறம் பூஸ்டர். சுமார் நாலே முக்கால் அடி உயரம் வர்ற வரைக்கும் பெரியவங்க பெல்ட் சரியா உட்காராது, கழுத்துல அறுக்கும். சரியா உட்கார்ந்தா கீழ்ப் பட்டை இடுப்பெலும்புல, மேல் பட்டை தோள்பட்டைக்கு நடுவுல வரும்.

ராத்திரி அந்தக் கணக்கை அம்மாகிட்ட சொன்னேன். "நீ கையை விடலைம்மா. யாராலயும் பிடிச்சிருக்க முடியாது" என்றேன். மூணு சிப்பம் அரிசியான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. என் நெத்தித் தழும்பை ஒரு தரம் தடவிப் பார்த்தாங்க. வேற எதுவும் சொல்லலை.

மறுநாள் காலையில தங்கச்சிக்கு போன் போட்டு, "அந்தப் புது சீட்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வெச்சுடு"ன்னாங்க.

பி.கு: உங்க வண்டியிலயும் சீட் கவருக்கு அடியில பின் சீட்டு பக்கிள் ஒளிஞ்சிருக்கலாம். இன்னிக்கே தோண்டி எடுத்துடுங்க.