டிகோடர் பொருத்துதல் (மாதிரி ரயில்)
டிஜிட்டல் கட்டளைகளை ஏற்று மோட்டாரையும் விளக்கையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகையை மாதிரி ரயில் எஞ்சினுக்குள் வைக்கும் வேலை. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய இந்த டிஜிட்டல் கட்டளை முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் தரப்படுத்தியது. 'என்' அளவில் (1:160, தண்டவாள இடைவெளி 9 மி.மீ.) இடநெருக்கடிதான் பெரிய தலைவலி. டிகோடரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் தண்டவாள மின்சாரத்தைக் கொண்டுவரும். ஆரஞ்சு, சாம்பல் கம்பிகள் மோட்டாருக்குப் போகும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் இரு பாதியான உலோகச் சட்டமே மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாரின் தொடுதகடு அதில் பட்டால் டிகோடர் கருகிவிடும். மின்காப்புக்குக் காப்டன் நாடா ஒட்டி, இரண்டும் தொடவில்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கம்பிகளைப் பற்றவைக்க வேண்டும். இடத்துக்காகச் சட்டத்தை அரத்தால் ராவுவோர் உண்டு. எடை குறைய இழுவையும் குறையும். ஆறுமுனை, 'நெக்ஸ்ட்18' செருகுவாய் உள்ள புதிய எஞ்சின்களில் இந்தப் பாடு இல்லை. புது டிகோடரின் முகவரி வழக்கமாக 3. மேற்கூட்டை மூடுமுன் நிரலாக்கத் தடத்தில் டிகோடரைச் சோதிப்பது நல்லது.