தரிசு நிலமும் காட்டாமணக்கு டீசலும்

ஊர்ப்பக்கம் வேலியோரத்தில் காட்டாமணக்குச் செடியைப் பார்க்காதவர்கள் குறைவு. ஆடு மாடு கடிக்காது, கிளையை ஒடித்து நட்டாலே துளிர்த்துவிடும். அதனால் வேலிக்கு நல்ல செடி. (ஏரி, வாய்க்கால்களை அடைத்துக்கொண்டு ஊதா நிறத்தில் பூக்கிறதே, அது நெய்வேலிக் காட்டாமணக்கு. அது வேறு இனம், இந்தக் கதையில் வராது.) காட்டாமணக்கு விதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது. ஆனால் விஷம், சாப்பிட முடியாது. 2003 வாக்கில் இந்த விஷமே அந்தச் செடிக்குப் பெரிய தகுதியாகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஆகாத எண்ணெயை டீசலில் கலந்தால் யார் வயிற்றிலும் அடித்ததாகாது அல்லவா?

அந்த வருடம் ஏப்ரல் மாதம் மத்திய திட்டக்குழு அமைத்த உயிரி எரிபொருள் கமிட்டி தன் அறிக்கையைக் கொடுத்தது. அதிலிருந்த கணக்கு இப்படிப் போகிறது. 2011-12இல் நாட்டுக்கு 6 கோடியே 69 லட்சம் டன் டீசல் தேவைப்படும். அதில் 20 சதவீதம் பயோடீசல் என்றால் சுமார் 1 கோடியே 34 லட்சம் டன். ஒரு ஹெக்டேரில் 2500 செடி, செடிக்கு ஒன்றரை கிலோ விதை, ஆக 3.75 டன் விதை, அதிலிருந்து 1.2 டன் எண்ணெய். அப்படியானால் 1 கோடியே 12 லட்சம் ஹெக்டேர் நிலம் வேண்டும். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்தான் என்பதை நினைத்துக்கொண்டால் இது எவ்வளவு பெரிய எண் என்று புரியும்.

இவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது? அதையும் அறிக்கையே சொன்னது. காடு 30 லட்சம் ஹெக்டேர், விவசாய நிலங்களின் வேலியோரம் 30 லட்சம், வேளாண் காடுகள் 20 லட்சம், சும்மா கிடக்கும் பயிர் நிலம் 24 லட்சம், நீர்வடிப்பகுதித் திட்டங்களில் உள்ள தரிசு 20 லட்சம், ரயில்பாதை, சாலை, வாய்க்கால் ஓரம் 10 லட்சம். கூட்டினால் 1 கோடியே 34 லட்சம். தேவைக்கு மேலேயே கிடைத்துவிட்டது! இலக்கை முதலில் எழுதிவிட்டு நிலத்தை அப்புறம் தேடியது போலத்தான் இருக்கிறது. 2005 ஆகஸ்ட் 14 அன்று நாட்டுக்கு ஆற்றிய உரையில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமும் காட்டாமணக்கைப் பேசினார். 6 கோடி ஹெக்டேர் தரிசில் 3 கோடி ஹெக்டேர் இப்படிப்பட்ட எரிசக்திப் பயிர்களுக்குக் கிடைக்கும் என்றார்.

இந்தக் கணக்குகளில் எல்லாம் எழுதப்படாத ஒரு அனுமானம் இருக்கிறது. தரிசு என்றால் யாரும் பயன்படுத்தாத நிலம் என்பதே அது. அப்படி ஒரு நிலம் உண்டா? இந்தக் கேள்விக்குச் செங்கல்பட்டுப் பக்கம் இருநூறு வருடப் பழைய பதில்கள் கிடக்கின்றன.

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றிய நாட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். பிற்காலத்துச் செங்கல்பட்டு மாவட்டம் அதுதான். கம்பெனிக்கு வேண்டியது வரி. எந்த ஊரில் எவ்வளவு நிலம், அதில் எவ்வளவு விளைகிறது என்று தெரிந்தால்தானே வரி போட முடியும்? அதற்காக 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்தார். அரசாங்கப் புத்தகத்தில் நிலம் இரண்டாகப் பிரிந்தது இப்படித்தான். வரி தரும் நிலம் ஒன்று, வரி தராத நிலம் ஒன்று. மேய்க்கால், களம், சுடுகாடு, ஏரி, ஏரிக்கரை எல்லாம் வரி தராத பட்டியலில் புறம்போக்காயின. உழாமல் கிடந்தது தரிசாயிற்று. ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் ஆட்டுக்குப் புல்லும் அடுப்புக்கு விறகும் கூரைக்குக் கீற்றும் கொடுத்த இடங்கள். புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அதே ஜாகிரில் 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்தவர் லயோனல் பிளேஸ். மதுராந்தகம் ஏரி உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காவல் நின்றதைப் பார்த்தவர் என்று கதை சொல்கிறார்களே, அவரேதான். மதுராந்தகத்துக்குப் பக்கத்து வேடந்தாங்கல் மக்களுக்கு அவர் 1798இல் ஒரு கௌல் எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்கார சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள், ஊரார் முறையிட்டார்கள், இனி இங்கே பறவையைச் சுடக்கூடாது என்று கலெக்டர் உறுதி கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லும் விவரம். 1858இல் அந்த உறுதி புதுப்பிக்கப்பட்டது. ஊராருக்குப் பறவைகள் மேல் பாசம் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு மேல் ஒரு கணக்கும் இருந்தது. நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் போடும் எச்சம் ஏரித் தண்ணீரில் கரைகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல்லுக்கு வேறு எரு அவ்வளவாகத் தேவைப்படாது. கம்பெனி கணக்கில் வரி தராத இடம், ஊர்க் கணக்கில் உரக்கிடங்கு! 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான்.

வேடந்தாங்கல் ஊராருக்குக் கிடைத்த காகிதம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. செங்கல்பட்டில் தரிசு யாருக்குச் சொந்தம் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க ஓடிய வழக்கு. உழுத நிலம் மட்டுமல்ல, ஊர் எல்லைக்குள் உள்ள தரிசும் தங்கள் உரிமை என்றார்கள் மிராசுதார்கள். திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே எல்லிஸ் துரை 1818இல் மிராசு உரிமை பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார். தரிசைக் கேட்டு யார் தர்காஸ்து போட்டாலும் முதல் உரிமை மிராசுதாருக்குப் போயிற்று. பண்ணையில் வேலை செய்த பறையர்களுக்குக் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. இதையெல்லாம் 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் ஒரு அறிக்கையாக எழுதி அனுப்பினார். அதன் விளைவாக 1892இல் தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்ட சாதியினருக்குக் கொடுக்க ஆணை வந்தது. இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது அதைத்தான். அப்படிக் கொடுத்த நிலத்தில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும், மாமல்லபுரம் பக்கத்துக் காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இருவர் செத்ததும் பலருக்குத் தெரிந்ததே. சும்மா கிடக்கும் நிலத்துக்காக யாரும் குண்டடி படுவதில்லை.

இந்தப் பின்னணியோடு காட்டாமணக்குக்குத் திரும்பினால் 2003ஆம் வருடத்து எண்கள் வேறு மாதிரி தெரியும். தமிழ்நாட்டில் ஒரே தரிசுக்கு ஒரே சமயத்தில் இரண்டு இலக்குகள் வந்தன. 2006 சட்டமன்றத் தேர்தலில் நிலமற்ற குடும்பங்களுக்கு 2 ஏக்கர் தரிசு தருவதாக திமுக வாக்குறுதி கொடுத்து ஆட்சிக்கு வந்தது. கொடுக்கலாம் என்று போய்ப் பார்த்தால் பல இடங்களில் ஏழைகள் ஏற்கெனவே பயிர் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கே பட்டா எழுத வேண்டியதாயிற்று. அதே வருடங்களில்தான் காட்டாமணக்கு நாற்றுக்கு மானியம், கூட்டுறவுக் கடன், கம்பெனிகளோடு ஒப்பந்தச் சாகுபடி எல்லாம் நடந்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சியில் இறங்கியது.

விளைவு என்ன? கோவை, திருவண்ணாமலை மாவட்ட ஊர்களில் பெரே அரீசா-மொண்டோபியோ, சரத்சந்திர லெலே இருவரும் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அறிக்கை 3.75 டன் விதை என்று போட்டிருந்த இடத்தில் நிஜத்தில் ஹெக்டேருக்கு ஒரு டன்கூட வரவில்லை. தண்ணீர் வேண்டாத பயிர் என்றார்கள். செடி சாகாமல் நிற்பதற்குத் தண்ணீர் வேண்டாம்தான், ஆனால் காய்ப்பதற்கு வேண்டும். கிணறு இருந்தவர் ஓரளவு தாக்குப்பிடித்தார், மானாவாரிக்காரர் நிலக்கடலையை விட்டுவிட்டு இதை நட்டு நஷ்டப்பட்டார். நிலக்கடலை போனால் எண்ணெய் மட்டுமா போகிறது, மாட்டுக்குக் கொடியும் போகிறது. ஆக, தரிசில் வர வேண்டிய பயிர் கடைசியில் கடலைக் காட்டில் வந்து நின்றது.

தரிசிலேயே நட்ட இடங்களும் உண்டு. சாத்தூர் வட்டாரத்தில் ஜெனிஃபர் பாகா, ராபர்ட் பெய்லிஸ் என்ற ஆய்வாளர்கள் அதைக் கவனித்து 2014இல் எழுதினார்கள். அங்கே தரிசு என்று சொன்ன இடமெல்லாம் சீமைக்கருவேல். அதை வெட்டி விறகாகவும் மூட்டம் போட்டுக் கரியாகவும் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். செங்கல் சூளை, பேக்கரி, டீக்கடை வரை போன எரிபொருள் அது. அதை அழித்துக் காட்டாமணக்கு வைத்தால் கிடைக்கும் பயனுள்ள சக்தி எவ்வளவு என்று கணக்குப் போட்டார்கள். துணைப்பொருட்களை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்து, சீமைக்கருவேல் 2.5 முதல் 10.3 மடங்கு அதிகம் தருகிறதாம்! சீமைக்கருவேலுக்கு வக்காலத்து வாங்க இங்கே இடமில்லை, நிலத்தடி நீர் பற்றிய புகார்கள் தனி. ஆனால் எரிபொருளுக்காக எரிபொருளை வெட்டி எறிந்தார்கள் என்பது வேடிக்கையான விஷயம்.

தரிசு என்ற சொல்லுக்கு மயங்கியது டெல்லி மட்டுமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் ஒரு சட்டம் போட்டு, 2020க்குள் போக்குவரத்து எரிபொருளில் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றது. காட்டை அழித்துச் செய்த எண்ணெய் இலக்கில் சேராது என்று நிபந்தனையும் வைத்தது. கூடவே, சீரழிந்த நிலத்தை மீட்டு வளர்த்த பயிர் என்றால் ஒரு மெகா ஜூலுக்கு 29 கிராம் கார்பன் சலுகை என்றும் எழுதியது. முந்தைய வருடம்தான் திமோதி சர்ச்சிங்கர் குழுவினர், அமெரிக்காவில் மக்காச்சோளம் எரிபொருளுக்குப் போனால் உலகின் வேறு மூலையில் காடு வயலாகும், அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் எத்தனால் பெட்ரோலைவிட மோசம் என்று எழுதியிருந்தார்கள். 2015இல் உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத உச்சவரம்பு வந்தது.

இந்தியாவில் காட்டாமணக்கின் கதை சத்தமில்லாமல் முடிந்தது. 2006 ஜனவரி முதல் எண்ணெய்க் கம்பெனிகள் 20 மையங்களில் லிட்டர் 25 ரூபாய்க்குப் பயோடீசல் வாங்கத் தயாராக இருந்தன. அந்த விலைக்கு விற்க ஆளில்லை. ஆனாலும் 2009 கொள்கை, 2017க்குள் 20 சதவீதம் என்று அதே எண்ணை மறுபடி எழுதியது. 2018 கொள்கையில் பயோடீசல் இலக்கு 2030க்குள் 5 சதவீதமாக இறங்கிவிட்டது. வடை சுட்ட பழைய எண்ணெய்க்கும் அதில் இடம் கிடைத்தது.

பெட்ரோலில் எத்தனால் மட்டும் இலக்கைத் தொட்டது. 2003இல் 9 மாநிலங்களில் 5 சதவீதமாகத் தொடங்கி, கரும்பு குறைந்ததும் அடுத்த வருடமே தடுமாறி, 2025இல் 20 சதவீதத்தை எட்டியது. இங்கே தரிசு என்ற பேச்சே இல்லை. கரும்பு, மக்காச்சோளம், கிடங்கு அரிசி எல்லாம் நல்ல நிலத்தில் தண்ணீர் பாய்ச்சி விளைந்தவை. வழக்கமாக மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதி செய்தது. கோழித்தீவன விலை ஏறியது. சர்க்கரையிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கச் சுமார் 2860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் அறிக்கையே சொல்கிறது. வேடந்தாங்கலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளிப் படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கரும்புக்கு ஏரித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்தான்.