சீனரின் காய்ச்சல் வைத்தியம்

வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தடிமன் பிடித்து உடம்பு காய்ந்தால், நம் பாட்டிமார் பரியாரியாரை அழைப்பதற்கு முன் அடுப்படியையே நாடுவர். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவிந்து குடிநீராகும். பிள்ளை அதனைச் சூட்டோடு குடித்து, போர்த்துப் படுத்து, வியர்த்து எழும்பும். இக்காட்சி நமக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் சீன நாட்டிலும் இதே முறை வழங்கியது. இஞ்சியும் கறுவாவும் சேர்ந்த குடிநீர், அதன்மேல் சூடான அரிசிக் கஞ்சி, பின் போர்வை என்பதே அவர்தம் முறையுமாம்.

ஆயின் ஒன்றை நாம் சிந்தித்தல் வேண்டும். கைவைத்தியம் இல்லாத நாடு உலகில் எங்கும் இல்லை. அங்ஙனமிருக்க, சீனரின் பழைய ஏடொன்றிலிருந்த ஒரு பிடி மூலிகை மட்டும் இலட்சோப இலட்சம் உயிர்களைக் காக்கும் மருந்தாக உலகெங்கும் பரவியது எவ்வாறு? அதன் பழைமையினாலா? அன்று. கண்டதை எழுதி வைத்தனர். எழுதியதைப் பின்வந்தோர் திருத்தினர். திருத்தியதை அவர்க்குப் பின்வந்தோர் சோதித்தனர். இம்மூன்று செயல்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதற்கண் எழுதியவரைக் காண்போம். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹான் பேரரசு நிலைகுலைந்து போரும் பஞ்சமும் நாட்டை அலைத்த காலத்தில் வாழ்ந்தவர் சாங் சொங்சிங் என்னும் வைத்தியர். அவருடைய குலத்தினர் இருநூற்றுவருக்கு மேற்பட்டோர். பத்தாண்டுகளுக்குள் அவர்களில் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர் என்றும், மாண்டவருள் பத்தில் எழுவரைக் கொண்டு சென்றது காய்ச்சலே என்றும் தம் நூலின் முன்னுரையில் அவர் கூறுகின்றார். அத்துயரே அவரை எழுதத் தூண்டியது. குளிரால் வரும் காய்ச்சல்களைப் பற்றி அவர் இயற்றிய நூல் போர்களிற் சிதறிப்போக, பின்வந்தோர் அதனைத் தேடித் தொகுத்தனர். 1065ஆம் ஆண்டில் சொங் அரசின் ஆணையால் அது பிழை திருத்தி அச்சேறியது.

அந்நூலின் சிறப்பு யாதெனில், நோயின் பெயரைக் கேட்டு மருந்து கொடாது, நோயாளியின் நிலையைப் பார்த்து மருந்து வகுப்பதாகும். காய்ச்சல் உண்டு, வியர்வையும் உண்டு, காற்றுப் படின் உடல் கூசுகிறது எனின், சீனக் கறுவாவின் இளங்கொம்பு, பியோனிப் பூஞ்செடியின் வேர், அதிமதுரம், இஞ்சி, இலந்தைப்பழம் ஆகிய ஐந்தும் சேர்ந்த குடிநீர் விதிக்கப்படும். குடித்த சிறிது நேரத்தில் நீர்த்த கஞ்சியைச் சூட்டோடு பருகி, உடல் மெல்லெனக் கசியுமளவுக்குப் போர்த்திருத்தல் வேண்டும். வியர்வை ஆறாக ஓடுமாறு விடலாகாது என்ற எச்சரிக்கையும் உண்டு. குணங் கண்டவுடன் எஞ்சிய மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பதும் அவர் விதியே.

காய்ச்சலோடு உடல்வலியும் மூச்சுமுட்டும் இருந்து, வியர்வை மட்டும் இல்லையெனின் மருந்து வேறாகும். அப்போது மாஹுவாங் என்னும் இலையற்ற புதர்ச்செடியின் தண்டே தலைமை மருந்து. இச்செடியிலிருந்து எபெட்ரின் என்னும் பொருளை 1885இல் யப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி பிரித்தெடுத்தார். 1924இல் பீக்கிங் நகரில் சென் என்னும் சீன அறிஞரும் ஷ்மிட் என்னும் அமெரிக்கரும் அதன் இயல்பை ஆராய்ந்து வெளியிட்டனர். அதன்பின் மேலைநாட்டு வைத்தியரும் தொய்வு நோய்க்கு அதனை நெடுங்காலம் வழங்கினர். மூச்சுமுட்டுக்கு இச்செடி உதவும் என்ற பழைய கணிப்புப் பொய்க்கவில்லை.

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்பார் மற்றொரு பெரியார். மனித உயிர் ஆயிரம் பொன்னினும் பெரிது என்ற கருத்தால், தம் நூலுக்கு ஆயிரம் பொன்னின் பெயரையே சூட்டினார். மாலைக்கண்ணுக்கு ஈரலையும், தொண்டைக் கழலைக்குக் கடற்பாசியையும் சீன வைத்தியர் வழங்கியதை அக்காலத்து நூல்களிற் காண்கிறோம். ஈரலில் உயிர்ச்சத்து 'ஏ'யும் கடற்பாசியில் அயடீனும் உண்டென்பதை உலகம் அறிந்தது மிகப் பிற்காலத்திலேயாம். செல்வர், வறியர், உறவினர், பகைவர் என்ற வேறுபாடின்றி எல்லோரையும் தம் சுற்றமாகக் கருதியே வைத்தியன் மருந்து கொடுத்தல் வேண்டும் என்றும் சுன் சிமியாவ் வலியுறுத்தினார்.

இனித் திருத்தியவரைக் காண்போம். லீ ஷிசென் என்பவர் 1518இல் இன்றைய ஹூபே மாகாணத்தில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். தந்தையோ மகனை அரச உத்தியோகத்தனாக்க விரும்பினார். மூன்று முறை அரசுத் தேர்வுக்குச் சென்று மூன்று முறையும் தவறிய மகன், தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். பழைய மருந்து நூல்களைப் படிக்குந்தோறும் அவற்றில் மலிந்திருந்த பிழைகள் அவர் நெஞ்சை உறுத்தின. ஒரு செடிக்குப் பல பெயர்கள். பல செடிகளுக்கு ஒரே பெயர். நஞ்சை அமுதமென்று கூறும் பகுதிகளும் இடையிடையே இருந்தன. 1552இல் திருத்தப் பணியைத் தொடங்கினார். ஊரூராகச் சென்று உழவர், மீனவர், வேடர், மூலிகை பறிப்போர் முதலியோரிடம் கேட்டறிந்தார். 1578இல் பணி முடிந்தது. 27 ஆண்டு உழைப்பின் பயனாகிய அம்மூலிகைப் பெருநூல் 52 பகுதிகளும், 1,892 மருந்துப் பொருள்களும், 11,000இற்கு மேற்பட்ட மருந்து முறைகளும் கொண்டது. 1593இல் அவர் காலமானார். 1596இல் நான்கிங் நகரில் நூல் வெளிவந்தபோது அதைக் காண அவர் இல்லை.

அவருடைய துணிவுக்கு இரண்டு சான்றுகள் கூறலாம். சாவாமை பெறலாமென நம்பி இரச மருந்துகளை உண்டு மாண்டவர் சீன வரலாற்றிற் பலர். பேரரசர்களும் அவருள் அடங்குவர். பழைய நூல்கள் புகழ்ந்த அவ்வழக்கத்தை லீ ஷிசென் வெளிப்படையாகக் கண்டித்தார். மற்றொன்று ஊமத்தை. அதன் பூவைச் சாராயத்திற் கலந்து உண்பவன் சிரிப்பான், ஆடுவான் என்று மக்கள் கூறியதை அவர் ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. தாமே அருந்திப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். புண்ணை அறுக்குமுன் வலி தெரியாதிருக்க அது பயன்படும் என்பதையும் குறித்தார். முன்னோரை மதித்தல் என்பது அவர் சொன்ன யாவற்றையும் நம்புதல் அன்று. அவர் விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்தலே என்பதை இப்பெரியார் வாழ்ந்து காட்டினார்.

இப்பொழுது அந்த ஒரு பிடி மூலிகைக்கு வருவோம். நடுக்கத்தோடு முறைவைத்து வரும் காய்ச்சலைச் சீனர் பண்டே அறிவர். நாம் மலேரியா என்பதும் அதுவே. 4ஆம் நூற்றாண்டில் கோ ஹொங் என்னும் தாவோ நெறித் துறவி, அவசர வேளையில் ஏழைகளுக்கும் கைகொடுக்கத்தக்க எளிய மருந்துகளைத் தொகுத்துச் சிறுநூல் ஒன்று எழுதினார். அதில் இக்காய்ச்சலுக்கு அவர் கூறும் முறைகளுள் ஒன்று, சிங்ஹாவ் என்னும் பச்சிலையில் ஒரு பிடி எடுத்து, நீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, அச்சாற்றைக் குடிக்கச் செய்தல் என்பதாம். அவ்வளவே செய்தி. 1,600 ஆண்டுகள் அது ஏட்டில் உறங்கிக் கிடந்தது.

வியட்நாம் போரின்போது காடுகளிற் போரிட்ட படையினரை மலேரியா வாட்டியது. வழக்கமான குளோரோகுயின் மருந்துக்கு அக்கிருமி அடங்க மறுத்தது. வட வியட்நாம் சீனத்தின் உதவியை நாட, 1967 மே 23இல் இரகசிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. அந்நாளின் நினைவாக அதற்கு 523 என்ற எண்ணே பெயராயிற்று. 1969இல் பீக்கிங் மரபு வைத்தியக் கழகத்தில் இப்பணிக்குத் தலைமை தாங்க அமர்த்தப்பட்டவர் தூ யூயூ என்னும் பெண்மணி. புது மருந்தியலையும் பழைய சீன வைத்தியத்தையும் ஒருங்கே கற்றவர் அவர்.

அவர் செய்த முதற் காரியம் ஏடுகளைப் புரட்டியதும், முதிய வைத்தியர்களைத் தேடிச் சென்று கேட்டதுமாகும். இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட மருந்து முறைகள் சேர்ந்தன. அவற்றுள் 640ஐத் தெரிந்து தொகுத்தார். ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் எடுத்து எலிகளிற் சோதித்தனர். சிங்ஹாவ் ஒருமுறை நற்பயன் காட்டியது, மறுமுறை கைவிட்டது. காரணம் விளங்கவில்லை.

தூ யூயூ மீண்டும் கோ ஹொங்கின் நூலை எடுத்தார். மற்ற மருந்துகளையெல்லாம் காய்ச்சச் சொல்லும் மரபில், இவர் மட்டும் ஊறவைத்துப் பிழியச் சொல்வதேன் என்ற ஐயம் அவர் உள்ளத்தில் எழுந்தது. சூடு மருந்தின் ஆற்றலைக் கெடுக்கின்றது போலும்! எனவே நீரை விட்டு, 35 பாகை அளவிலேயே கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4இல் சோதித்த 191ஆம் சாறு, எலிகளின் இரத்தத்திலிருந்த கிருமியை முற்றாக அழித்தது.

மனிதருக்குக் கொடுக்குமுன் அதன் நஞ்சுத்தன்மையை அறியவேண்டுமன்றோ? 1972இல் தூ யூயூவும் உடன் உழைத்தோர் இருவரும் தாமே அதனை உட்கொண்டனர். பின்னர் ஹைனான் தீவில் 21 நோயாளிகள் அம்மருந்தாற் பயன் பெற்றனர். அவ்வாண்டின் இறுதியில் பிரித்தெடுக்கப்பட்ட பொருளே ஆர்ட்டிமிசினின். 2015இல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இக்கதையைக் கேட்டு, பச்சிலை யாவும் நன்றே என மயங்குதல் கூடாது. 1990ஆம் ஆண்டளவில் பெல்ஜிய நாட்டில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதுற்றன. பெயரொற்றுமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக நச்சுடைய வேறொரு மூலிகை கலந்ததே காரணம். லீ ஷிசென் எச்சரித்த பெயர்க் குழப்பம் நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர்களைப் பலிகொண்டது! மாஹுவாங்கைத் தம் விருப்பப்படி உண்டோர்க்கு இருதயக் கேடு நேர்ந்ததால், அது சேர்ந்த சத்துணவுப் பொருள்களை அமெரிக்க அரசு 2004இல் தடைசெய்தது. சிங்ஹாவ் இலையைத் தேநீராகக் குடித்து மலேரியாவைத் தீர்க்க முயல்வதையும் உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. இலையில் உள்ள மருந்தின் அளவு ஒரே சீராக இராமையும், குறைந்த அளவு கிருமியை வலுவூட்டும் என்ற அச்சமுமே காரணங்களாம்.

மலேரியாவின் கொடுமையை இலங்கையர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1934–35ஆம் ஆண்டுகளில் இத்தீவில் அந்நோயால் மாண்டோர் ஏறத்தாழ 80,000 பேர் எனக் கணிக்கப்படுகிறது. 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனத்தாற் சான்று பெற்றது. பல்லாண்டு கால மருத்துவ சேவையின் வெற்றி அது.

நமக்கும் ஏடுகள் உண்டு. யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் நம் முன்னோரின் உழைப்புக்குச் சான்று பகரும். அச்சேறாத சுவடிகளோ பல வீடுகளின் பரண்களிற் செல்லரித்துப் போயின. கைமுறை பிறர்க்குச் சொன்னாற் பலிக்காது என்றெண்ணி, தாம் அறிந்ததைத் தம்மோடு கொண்டுபோன பெரியோரும் உளர். கோ ஹொங் அங்ஙனம் மறைத்திருப்பாராயின், தூ யூயூ எதனைத் தேடியிருப்பார்?

ஆகவே பெரியோர்களே! நீங்கள் அறிந்ததை மறையாது கூறுங்கள். இளைஞர்களே! அவர் அருகிலமர்ந்து கேட்டு, மூலிகையின் பெயரும் அளவும் செய்முறையும் வழுவாது எழுதி வையுங்கள். அவற்றைச் சோதித்துத் தெளியத் தக்க கல்வியையும் பெறுங்கள். தடிமனுக்குப் பாட்டியின் குடிநீர் போதும். ஆயின் காய்ச்சல் மூன்றாம் நாளும் தணியாவிடின், ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தத்தைப் பரிசோதிக்கத் தயங்கற்க. டெங்கு உலாவும் இந்நாளில் அத்தயக்கம் உயிருக்கே உலையாகும். எழுதுதல், திருத்துதல், சோதித்தல் என்னும் மூன்றும் நம்மிடையே வளருமாயின், நம் முன்னோர் ஏட்டிலும் உலகுக்கு உதவும் ஒரு பிடி மூலிகை கிடைக்காமற் போகாது.