பால்மரமும் புரதமும்: சங்கிலியில் தூரம், மடிப்பில் பக்கம்



படிவம் 6 உயிரியலில் புரதத்தின் நான்கு நிலை அமைப்புகளை எல்லாரும் மனப்பாடம் செய்கிறோம். முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை, நான்காம் நிலை. கேட்டால் கடகடன்னு ஒப்பிப்பாங்க. நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தபோது, பின்வரிசையில் இருந்த ஒரு பையன் கேட்டான்: "சார், சங்கிலில தூரத்துல இருக்கிற அமினோ அமிலம் எப்படி சார் பக்கத்துல வரும்? அத யாரு போய் அளந்து பாத்தாங்க?"

நல்ல கேள்வி. அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் ஒரு வரலாறு. அதில் பெரும்பங்கு சென்னையிலும் திருச்சியிலும் நடந்தது. இதைச் சொல்லித் தராமல் போனால், "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது, நமக்கு எதுக்கு" என்ற எண்ணம் பிள்ளைகள் மனசில் அப்படியே தங்கிவிடும்.

நம் தோட்டத்துப் பாலில் ஒரு புரதம்

ரந்தாவ், லிங்கி, லாபு, பஹாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இது தெரியும்: இருட்டோடு பெரட்டுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் நிரையை முடிக்க வேண்டும். குளிர்ந்த நேரத்தில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம். பால் நன்றாக ஓடும். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயில் பால் உறைந்து, ஓட்டம் நின்றுவிடும். அதுதான் கோட்டுப்பால்.

அந்த உறைதலில் பங்கெடுக்கும் புரதங்களில் ஒன்று ஹெவீன். பால்மரத்தின் அறிவியல் பெயரான ஹெவியா என்பதிலிருந்து வந்த பெயர். 1960-இல் இதைப் படிகமாகப் பிரித்தெடுத்த ஆய்வு வெளிவந்தது. மிகச் சின்னப் புரதம். மொத்தம் 43 அமினோ அமிலங்கள்தான். அவற்றில் 8 சிஸ்டீன்கள். சிஸ்டீனில் கந்தக அணு உண்டு. இரண்டு சிஸ்டீன்கள் பக்கத்தில் வந்தால் கந்தகமும் கந்தகமும் கை கோத்துக்கொள்ளும். ஹெவீனில் அப்படி நான்கு ஜோடிகள்:

- 3-ஆவதும் 18-ஆவதும்
- 12-ஆவதும் 24-ஆவதும்
- 17-ஆவதும் 31-ஆவதும்
- 37-ஆவதும் 41-ஆவதும்

இதை நிரைக் கணக்கில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஒரு நிரையில் 3-ஆவது மரத்துக்கும் 18-ஆவது மரத்துக்கும் நடுவில் 14 மரங்கள். மரங்களை அசைக்க முடியாது. ஆனால் அந்த நிரையை ஒரு கயிறாக நினைத்துச் சுருட்டிப் பாருங்கள். 3-ஆவது முடிச்சும் 18-ஆவது முடிச்சும் ஒட்டி உட்காரும். வரிசையில் தூரம், இடத்தில் பக்கம். இதைத்தான் அமினோ அமிலங்களுக்கு இடையிலான தொடுகை என்கிறோம். மூன்றாம் நிலை அமைப்பு என்றால் இத்தகைய தொடுகைகளின் மொத்தம்.

சரி, எவ்வளவு பக்கம் வந்தால் 'பக்கம்'? எவ்வளவு நெருங்கினால் அது நடக்கவே முடியாதது? இந்தக் கேள்விக்கு அளவு சொன்னது சென்னை.

சென்னை, 1952 முதல் 1955 வரை

1922-இல் எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், பெங்களூரில் சி. வி. இராமனிடம் பயின்றவர். பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்து திரும்பினார். 1952-இல், தம் முப்பதாவது வயதில், சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். அந்தச் சமயம் சென்னைக்கு வந்த ஆங்கிலேய விஞ்ஞானி ஜே. டி. பெர்னல், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் தீராத புதிர் என்று சொன்னார். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றுக்கும் வலு தருவது கொலாஜன்தான்.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் இழையின் எக்ஸ்-கதிர்ப் படங்களை வைத்து ஒரு மாதிரி அமைத்தார்கள். மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பு. 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அடுத்த ஆண்டே அதைத் திருத்தி, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய கயிறு போன்ற வடிவத்தை வெளியிட்டார்கள். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் வருவது ஏன் என்பதற்கும் இதில் விடை இருந்தது. கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. பக்கச் சங்கிலியாக ஒரே ஒரு ஹைட்ரஜன் மட்டும் கொண்ட கிளைசின்தான் அங்கே நுழைய முடியும்.

உடனே எதிர்ப்பு வந்தது. டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-இல் தங்கள் மாதிரியை வெளியிட்டார்கள். மூன்று சங்கிலி என்பதில் சண்டை இல்லை. ஆனால் சென்னை மாதிரியில் சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன, அப்படி இருக்க முடியாது என்றார்கள். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றுதான் என்றது எதிர்த்தரப்பு.

குறையே அளவுகோலான கதை

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'நெருக்கம் அதிகம்' என்று குறை சொன்னவுடன் இராமச்சந்திரன் கோபித்துக்கொண்டு ஒதுங்கவில்லை. அவர் கேட்டது இதுதான்: அதிகம் என்றால் எவ்வளவு? எந்த எல்லையைத் தாண்டினால் அதிகம்? அதற்கு அன்றைக்கு உறுதியான பட்டியல் எதுவும் இல்லை.

எனவே வி. சசிசேகரன், சி. இராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து, அதுவரை வெளியான அமினோ அமில, பெப்டைடு படிக அமைப்புகளைத் தேடிப் பார்த்தார். பிணைப்பு இல்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று தொகுத்தார்கள். ஒவ்வொரு அணு ஜோடிக்கும் இரண்டு எல்லைகள் வைத்தார்கள்: வழக்கமான எல்லை, கடைசி எல்லை. கார்பனுக்கும் கார்பனுக்கும் 3.2, கடைசி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் 2.0, கடைசி எல்லை 1.9. ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு.

அடுத்த படி இன்னும் எளிமையானது. பெப்டைடு பிணைப்பு தட்டையானது, அது திரும்பாது. ஆனால் ஆல்ஃபா கார்பனின் இரண்டு பக்கமும் சங்கிலி திரும்பலாம். அந்த இரண்டு கோணங்களுக்கு ஃபை, சை என்று பெயர். ஒவ்வொரு கோண ஜோடிக்கும் அணுக்களின் தூரத்தைக் கணக்கிட்டு, எல்லையைத் தாண்டி முட்டினால் தள்ளு, முட்டாவிட்டால் வை. கணினி கைக்கு எட்டாத காலத்தில் செய்த கணக்கு இது. முடிவில் வரைபடத்தின் பெரும்பகுதி வெறுமையாகிவிட்டது. சில தீவுகள் மட்டும் மிஞ்சின. ஆல்ஃபா சுருளும் பீட்டா தாளும் சரியாக அந்தத் தீவுகளில் விழுந்தன!

1963-இல் வெளியான இதுதான் இராமச்சந்திரன் வரைபடம். இன்றும் உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைத் தீர்த்தாலும், அது சரியா என்று பார்க்க இந்த வரைபடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள்.

ஹைட்ரஜன் பிணைப்புச் சண்டை என்ன ஆச்சு? நேரடிப் பிணைப்பு ஒன்றுதான் என்று பின்னாளில் படிகங்கள் காட்டின. அந்த விஷயத்தில் எதிர்த்தரப்பு சொன்னதே சரி. ஆனால் அந்த வாதம் இல்லாவிட்டால் வரைபடமும் பிறந்திருக்காது. விடைத்தாளில் சிவப்பு மை பார்த்துச் சோர்ந்துபோகும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எட்டு ஆங்ஸ்ட்ராம் வட்டம்

அணுக்கள் முட்டாமல் இருக்க வேண்டிய தூரம் தெரிந்துவிட்டது. இனி அடுத்த கேள்வி: முழுப் புரதத்தில் எந்த அமினோ அமிலம் யாரை அக்கம்பக்கமாக வைத்துக்கொள்கிறது? சசிசேகரனுடன் ஆய்வு செய்த பி. கே. பொன்னுசாமி, பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர், திருச்சியில் இதைக் கையில் எடுத்தார். அவரும் பி. மணவாளனும் 1978-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரையின் வழி மிக எளிது. ஒரு அமினோ அமிலத்தை நடுவில் வை. அதைச் சுற்றி 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஒரு கோளம் போடு. உள்ளே வந்தவர்கள் யார், அவர்கள் எவ்வளவு நீரை வெறுப்பவர்கள் என்று கூட்டு. கிடைக்கும் எண் அந்த அமினோ அமிலத்தின் சுற்றுப்புறத்தைச் சொல்லும். எண் பெரிதென்றால் அது புரதத்தின் உள்ளே ஒளிந்திருக்கிறது. சிறிதென்றால் வெளியே தண்ணீர்ப் பக்கம் இருக்கிறது.

இந்த மரபு தொடர்ந்தது. 1998-இல் அமெரிக்காவில் டேவிட் பேக்கர் குழு ஒன்றைக் கவனித்தது: தொடுகைகள் பெரும்பாலும் வரிசையில் பக்கத்தில் இருப்பவர்களுக்குள் என்றால் புரதம் வேகமாக மடியும், தூரத்தில் இருப்பவர்களுக்குள் என்றால் மெதுவாக மடியும். 2001-இல் எம். மைக்கேல் குரோமிகாவும் எஸ். செல்வராஜும் இதற்கு இன்னொரு அளவு தந்தார்கள். இடத்தில் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்து, வரிசையில் 12-க்கு மேல் தள்ளியிருக்கும் ஜோடிகளை மட்டும் எண்ணு. அதைப் புரதத்தின் நீளத்தால் வகு. அவ்வளவுதான்.

2018-இல் ஆல்ஃபாஃபோல்டு முதன்முதலாகப் போட்டியில் வென்றபோது அது கணித்ததும் இதே விஷயம்தான்: எந்த அமினோ அமிலம் எதிலிருந்து எவ்வளவு தூரம்? 2024-இல் டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. இராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை. 2001-இல் சென்னையில் காலமானார்.

மறுபடியும் பால்மரத்துக்கு

ஹெவீன் மடிந்தபின் அதன் மேற்பரப்பில் 19-ஆவது செரின், 21, 23-ஆவது டிரிப்டோஃபேன்கள், 30-ஆவது டைரோசின் ஆகியவை ஒரே இடத்தில் கூடி ஒரு சின்னக் குழி உண்டாக்குகின்றன. பூஞ்சையின் சுவரில் உள்ள கைட்டின் அந்தக் குழியில் ஒட்டிக்கொள்ளும். இப்படித்தான் மரம் தன் காயத்தைக் காக்கிறது. ரப்பர் கையுறை போட்டால் சிலருக்கு ஒவ்வாமை வருகிறதே, அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் இதே ஹெவீன். நம் தாத்தா பாட்டி மங்கில் பிடித்த பாலுக்குள் இவ்வளவு விஷயம் இருந்திருக்கிறது.

வகுப்பறைக்கு

ஒரு நூலில் 43 மணிகள் கோத்துக்கொள்ளுங்கள். 3-18, 12-24, 17-31, 37-41 மணிகளை ஜோடி ஜோடியாகக் கட்டச் சொல்லுங்கள். நூல் தானாகவே உருண்டையாகும். பிறகு கேளுங்கள்:

1. இந்த நான்கு ஜோடிகளில் வரிசையில் 12-க்கு மேல் தள்ளியிருப்பவை எத்தனை? (விடை: இரண்டு. 3-18, 17-31. 12-24 சரியாக 12 என்பதால் சேராது.)
2. 18-ஆவது சிஸ்டீனை வேறொரு அமினோ அமிலமாக மாற்றினால் மூன்றாம் நிலை அமைப்புக்கு என்ன ஆகும்? (விடை: 3-ஆவதோடு இருந்த பிணைப்பு போய்விடும், வடிவத்தின் உறுதி குறையும். முதல்நிலையில் செய்த மாற்றம் மூன்றாம் நிலையைப் பாதிக்கிறது என்று எழுத வேண்டும்.)
3. கிளைசினுக்கு இராமச்சந்திரன் வரைபடத்தில் இடம் அதிகம். ஏன்? (விடை: பக்கச் சங்கிலி வெறும் ஹைட்ரஜன், முட்டுவதற்கு ஆள் குறைவு.)

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. "யாரு போய் அளந்து பாத்தாங்க?" என்று அடுத்த முறை யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கட்டும்: சென்னையில் அளந்தாங்க, திருச்சியில் எண்ணினாங்க. மிச்சம் எண்ண வேண்டியது நீங்க.