அம்பாசிடர் வைத்தியம்

பழைய கார் நடுரோட்டில் நின்னுட்டா டிரைவர் என்ன பண்ணுவார்? பானெட்டைத் தூக்குவார், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் உப்புத்தாள், ஒரு ஈரத்துணி. முக்கால்வாசி நேரம் வண்டி கிளம்பிடும். இந்த வித்தை எங்கிருந்து வந்துச்சு, எங்கே போச்சு? அதான் மேட்டர்.

கொஞ்சம் பின்னாடி போவோம். பி.எம்.பிர்லா 1942ல் ஆரம்பிச்ச ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948ல் குஜராத்திலிருந்து கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. 1953ல், உதிரிபாகங்களை இந்தியாவிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ள கம்பெனிகளுக்குத்தான் இனி இடம்னு அரசாங்கம் முடிவெடுத்தது. அடுத்த வருஷமே ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் மூட்டை கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள்தான். அந்த சமயத்தில் (1957) இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையா வச்சு வந்தவர்தான் நம்ம அம்பாசிடர்.

1959ல் அதுக்கு 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின் கிடைச்சது. 1990கள்ல இசுசு இன்ஜின் வர்ற வரைக்கும் பெட்ரோல் வண்டியில் அதுதான். 2014 மே மாசம் உற்பத்தி நின்னப்போகூட உருவம் பெரிசா மாறலை. கார் பிரியர்களுக்கு இது எரிச்சல். ஆனா மெக்கானிக்குக்கு? நம்ம பாஷையில சொன்னா, முப்பது வருஷமா ஒரே வெர்ஷன், ஒரே பக் லிஸ்ட்! நோயாளி மாறவே இல்லை, அதனால வைத்தியர் தேறிட்டார் :)

அந்த பக் லிஸ்ட்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. உதாரணத்துக்கு நாலு.

ஒண்ணு, சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், செல்ஃப் எடுக்கலை. மோட்டாரைக் கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி முனையில் பூத்திருக்கிற உப்பையும் எர்த் ஒயரையும் பாருங்க. செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல வேணும், லைட்டுக்கு சில ஆம்பியர் போதும். அதனாலதான் லைட் எரியும், வண்டி எடுக்காது. இந்த மோட்டாரை 1912 காடிலாக்குக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். அதுக்கு முன்னாடி கையால ஹேண்டில் சுத்தணும், அது திருப்பி உதைச்சா கை எலும்பு போயிடும்.

ரெண்டு, செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலை. பிளக் ஒயரைக் கழட்டி பொறி வருதான்னு பார்க்கணும். வரலைன்னா முதல் சந்தேகம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கிற பாயிண்ட் மேல. ரெண்டு உலோக முனைகள் தொட்டு விலகும்போது காயில்ல உயர் மின்னழுத்தம் பிறக்குது. இதுவும் அதே கெட்டரிங் 1910 வாக்கில் கொடுத்த ஏற்பாடுதான். முனை கருகினா உப்புத்தாள், இடைவெளி சுமார் 0.015 அங்குலம். திரும்பத் திரும்பக் கருகினா கன்டென்சரை மாத்தணும்.

மூணு, சிக்னல்ல நின்னா ஹெட்லைட் மங்குது, ஆக்சிலேட்டர் மிதிச்சா பிரகாசம். டைனமோ வண்டியா இருந்தா இது நோயே இல்லை, சுபாவம். மெதுவா சுத்தும்போது டைனமோ போதுமான கரண்ட் தராது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் பிற்பாடு ஆல்டர்னேட்டர் வந்தது. ஒரு எச்சரிக்கை: அந்தக்கால பிரிட்டிஷ் கார்கள்ல பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகியிருக்கும். அது தெரியாம ஆல்டர்னேட்டர் மாட்டினா டயோடு காலி.

நாலு, வெயில்ல அரைமணி ஓடி அணைஞ்சுபோகும், ஆறினதும் கிளம்பிடும். இதுதான் ரொம்பக் குழப்பற கேஸ். பெட்ரோல் பம்ப்லயோ குழாயிலயோ ஆவியாகி அடைச்சிருக்கலாம், இல்லை காயில் சூட்டுல படுத்திருக்கலாம். அணைஞ்ச அந்த நிமிஷமே பொறியைச் சோதிச்சா முடிச்சு அவிழ்ந்திடும். பொறி இருந்தா பம்ப் மேல ஈரத்துணி, இல்லைன்னா காயில். டீ குடிச்சிட்டு வந்து சோதிச்சா ஒண்ணும் தெரியாது, ஏன்னா அதுக்குள்ள ரெண்டுமே ஆறியிருக்கும்.

கவனிச்சீங்களா? நாலுலயும் கண், காது, ஒரு ஒயர் இருந்தா போதும். பொறி தனி, பெட்ரோல் தனி, சார்ஜிங் தனி. ஒண்ணோட பழுது இன்னொண்ணுக்குள்ள ஒளிஞ்சுக்காது. பாகங்களும் கிட்டவே கிடைச்சது: இங்கிலாந்து லூகாஸும் டிவிஎஸ்ஸும் 1961ல் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி நம்ம பாடியில் டைனமோவும் ஸ்டார்ட்டரும் பண்ண ஆரம்பிச்சது.

2000ல் புகை விதிகள் இறுகினதும் கார்புரேட்டர் ஒதுங்கி ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் கம்ப்யூட்டரும் வந்தாச்சு. புகையும் பெட்ரோல் செலவும் குறைஞ்சது நல்லதுதான், அதுல சண்டை இல்லை. ஆனா கோளாறு என்னன்னு சொல்ற உரிமை மெக்கானிக் கையிலிருந்து கம்பெனி சாஃப்ட்வேருக்குப் போயிடுச்சு. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற எனக்கே இது உறுத்துது. பூட்டுப் போடறதும் நம்ம ஜாதிதானே!

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மக்கள் 2012ல் ஓட்டுப் போட்டே, கார் பழுதுபார்க்கும் தகவலை வெளி மெக்கானிக்குகளுக்கும் தரணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க. இங்கேயும் 2022ல் மத்திய நுகர்வோர் துறை இதுக்கு ஒரு குழு போட்டது, அதோட பட்டியல்ல வாகனமும் உண்டு. அம்பாசிடர் திரும்பி வர வேணாம். அதோட பானெட்டுக்கடியில் இருந்த வெளிப்படை வந்தா போதும்.

உங்க ஊர் மெக்கானிக் அண்ணன் சொல்லிக்கொடுத்த வைத்தியம் ஏதாவது இருந்தா எழுதி வைங்க மக்கா. அதெல்லாம் எந்த மேனுவல்லயும் இல்லை.